கட்டும் மாத்திரையும் கேட்கப்படாத கேள்விகளும்

பூண்டுலோயா பஜாரில் மாலை ஐந்து மணிக்கு மேல் மருந்துக்கடைப் பக்கம் சற்று நேரம் நின்றால் இந்தப் பேச்சு காதில் விழும். "ஐயா, வயித்தால போகுது. கட்டுற மாதிரி ரெண்டு மாத்திரை குடுங்க." கடைக்காரர் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "பெரியவங்களுக்கா, சின்னப் பிள்ளைக்கா?" பட்டையிலிருந்து இரண்டைக் கத்தரித்து ஒரு சிறு உறையில் போட்டு நீட்டுவார். காசு கைமாறும். ஒரு நிமிடத்தில் விஷயம் முடிந்துவிடும். எத்தனை நாளாகப் போகிறது, எப்படிப் போகிறது, காய்ச்சல் உண்டா, லயத்தில் வேறு யாருக்கும் இருக்கிறதா என்று கேட்க அங்கே எவருக்கும் நேரமில்லை. கேட்டால் வாங்க வந்தவருக்கே எரிச்சல் வரும். கடைசி பஸ் போய்விடும்.

கடைக்காரரைக் குறைசொல்வது எளிது. மாத்திரை கேட்டு வந்த பெண்ணுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லி ஒரு கருத்தரங்கு வைப்பது அதைவிட எளிது. மலையகத்தில் அதற்கு ஆட்களுக்கும் பஞ்சமில்லை, பேனருக்கும் பஞ்சமில்லை. ஆனால் அந்தப் பெண் மனதில் போட்டிருக்கும் கணக்கில் பிழை ஒன்றும் கிடையாது. நாளைக் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் விழாது. பேர் விழாவிட்டால் அந்த ஒரு நாளுக்கு நாட்சம்பளம் இல்லை. போனாலும், தோட்டம் குறித்த கிலோ நிறையாவிட்டால் அரைப்பேர். நாட்கூலி முறையில் வயிற்றுக்கு முடியவில்லை என்று வீட்டிலிருப்பவருக்குச் சம்பளம் என்ற பேச்சுக்கே பெரும்பாலும் இடமில்லை.

அதையும் விடுங்கள். மலையில் கக்கூஸ் ஏது? கொழுந்து எடுக்கிற நம்பர் மலையில் நிற்கும்போது ஒரு பெண்ணுக்கு வயிற்றைக் கலக்கினால் என்ன செய்வார்? தலையிலிருந்து கூடைக் கயிற்றை இறக்கி, இடுப்பில் இறுக்கிக் கட்டிய படங்கை அவிழ்த்து, கங்காணியின் கண் படாமல், அட்டை ஏறாத ஓர் இடம் தேடிக் கானோரமாகவோ பாறை மறைவுக்கோ இறங்க வேண்டும். மழை நாளில் சறுக்கும். ஒரு தடவை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு போய் வரலாம். நாலு தடவை, ஐந்து தடவை என்றால்? அதனால் அவர் இரண்டு காரியம் செய்கிறார். முந்தின இரவே கட்டுகிற மாத்திரையைப் போட்டுக்கொள்கிறார். காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார். வயிற்றோட்டக்காரர் எதைச் செய்யவே கூடாதோ அது அந்த இரண்டாவது காரியம். அவரை அதற்குத் தள்ளியது அறியாமை என்று யாராவது சொன்னால், அவர் ஒரு நாள் படங்கு கட்டி அந்த மலையில் நின்று பார்க்கட்டும்.

அந்த மாத்திரை பெரும்பாலும் லோபரமைட். அபின் வகையைச் சேர்ந்த மருந்து. ஆனால் சொன்ன அளவில் எடுத்தால் மூளைக்கு ஏறாமல் குடலோடு நின்றுவிடும். குடல் தசைகளின் அசைவை மந்தப்படுத்துவதே அதன் வேலை. வளர்ந்த ஒருவருக்கு, காய்ச்சலும் இரத்தமும் இல்லாத சாதாரண நீர்ப்போக்கில், ஒரு பகற்பொழுதைத் தாண்ட அது உதவும் என்பதை மறுக்க முடியாது. இரத்தமும் சளியும் கலந்து போகும்போதும், காய்ச்சல் எரியும்போதும் கதை வேறு. வெளியேற வேண்டிய கிருமியையும் நஞ்சையும் உள்ளே வைத்துக் கதவைச் சாத்துவதாகிவிடும். பெருங்குடல் ஊதி விரிந்து ஆபத்தாகலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த மாத்திரை கூடவே கூடாது. குடலின் அசைவே நின்று வயிறு வீங்கிவிடும். வெளியே போகாததால் நின்றுவிட்டது என்று வீட்டார் ஆறுதல்படுவார்கள். உள்ளே குடலுக்குள் நீர் ஊறித் தேங்கிக்கொண்டிருக்கும்.

வயிற்றோட்டம் ஒரு நோயின் பெயர் அல்ல; பல நோய்கள் ஒரே வாசலால் வெளியே வருவது அது. இதைப் புரிந்துகொள்ள குடலுக்குள் நாளொன்றுக்கு எவ்வளவு நீர் வந்து போகிறது என்று தெரிந்தால் போதும். நாம் குடிப்பது, உண்பதில் இருப்பது என்று இரண்டு லீற்றர். அதோடு உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தம், கணையநீர், குடல் சுரக்கும் நீர் எல்லாம் சேர்ந்து ஏழு லீற்றர். ஆக ஒன்பது லீற்றர் அளவில் உள்ளே இறங்குகிறது. சிறுகுடல் அதில் பெரும்பங்கை உறிஞ்சிவிடும். ஒன்று, ஒன்றரை லீற்றர் பெருங்குடலுக்கு வந்து சேரும். அங்கேயும் உறிஞ்சப்பட்டு, கடைசியில் மலத்தோடு வெளியேறுவது நூறு, இருநூறு மில்லிலீற்றர்தான். இந்த ஏற்பாட்டில் எந்த இடம் பழுதானாலும் வெளியே தெரிவது ஒன்றுதான், தண்ணீராகப் போவது. உறிஞ்சும் இடம் சேதப்பட்டிருக்கலாம். சுரக்கும் இடத்தைக் கிருமியின் நஞ்சு முடுக்கிவிட்டிருக்கலாம். செரிக்காத சீனியோ பாற்சீனியோ நீரைத் தன்னோடு இழுத்து வந்திருக்கலாம். குடற்சுவர் புண்ணாகி இரத்தம் கசியலாம். குடலில் எதுவுமே இல்லாமல், கழுத்திலுள்ள தைரொயிட் சுரப்பி வேகமெடுத்ததால் குடலும் வேகமெடுத்திருக்கலாம்.

எது என்று தெரிய கேள்வி கேட்க வேண்டும். தோட்ட டிஸ்பென்சரிகளில் இருந்த பழைய ஈ.எம்.ஏ. மாரில், அதாவது தோட்ட வைத்திய உதவியாளர்களில், நல்ல கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர்களின் கைராசி பாதிக்கு மேல் இந்தக் கேள்விகளில்தான் இருந்தது. ஸ்கேனும் கிடையாது, ஆய்வுகூடமும் கிடையாது. "எத்தனை நாளா? ரத்தம் போகுதா, சளியா? ராத்திரி தூக்கத்தில எழுப்புதா? ஒண்ணும் சாப்பிடாம இருந்தா நிக்குதா? கவுன் தொளதொளன்னு ஆயிருச்சா?" இவ்வளவுதான். இதில் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு.

நாளைக் கேட்பது முதல் சல்லடை. ஒரு நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ நீர்த்துப் போனால் வயிற்றோட்டம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. பிள்ளைகளுக்கு வரும் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. சில நாட்களில் தாமே அடங்கும். பதினான்கு நாள் தாண்டினால் அது வேறு சங்கதி. நான்கு வாரம் தாண்டினால் எந்த மருந்துக்கடையும் அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதுதான்.

இரத்தமும் சளியும் என்றால் பெருங்குடல் புண்பட்டிருக்கிறது. வயிற்றுளைவு என்று நம் பக்கத்தில் சொல்லுவது இதைத்தான். ஷிகெல்லா என்ற பக்டீரியாவாக இருக்கலாம், அமீபாவாக இருக்கலாம். "பிளஜில்" வாங்கி இரண்டு நாள் விழுங்கி, இரத்தம் நின்றதும் மிச்சத்தை டப்பாவில் போட்டு வைப்பது லயங்களில் மட்டுமல்ல, கொழும்பிலும் உள்ள பழக்கம். அந்த மருந்து குடற்சுவரைத் துளைத்த அமீபாவைக் கொல்லும். குடலுக்குள் கூடு கட்டி உட்கார்ந்திருப்பதை முழுதாக அழிக்காது. அதற்கு டைலொக்சனைட் போன்ற இன்னொரு மருந்து பின்னாலேயே வேண்டும். இல்லாவிட்டால் அந்த ஆள் நலமாக நடமாடிக்கொண்டே அடுத்த வீட்டுக்கும் பரப்புவார். சிலருக்கு, குறிப்பாகக் குடிப்பழக்கமுள்ள ஆண்களுக்கு, சில மாதம் கழித்து வலப்பக்க விலாவுக்குக் கீழே வலியும் காய்ச்சலும் வந்து, கல்லீரலில் சீழ் கட்டியிருப்பதாக ஸ்கேனில் தெரியவரும். அப்போது பழைய வயிற்றுளைவு யாருக்கும் ஞாபகம் இராது.

இரத்தமில்லை, காய்ச்சலில்லை, ஆனால் வாரக்கணக்கில் வயிறு உப்பி, அழுகின முட்டை வாடையில் ஏப்பம், எண்ணெய் மிதக்கிற மாதிரி மலம் என்றால் ஜியார்டியாவை நினைக்க வேண்டும். இந்த ஒட்டுண்ணியின் கூட்டுக்குக் குளிர்ந்த தண்ணீர் பிடிக்கும். வாரக்கணக்கில், சிலவேளை மாதக்கணக்கில்கூட அதில் உயிரோடு கிடக்கும். "மலைத்தண்ணி பனியாட்டம் இருக்கு, இதில என்ன கிருமி" என்று பீலியில் வாய் வைத்துக் குடிக்கிற நம்பிக்கைக்கு நேர் எதிரான பிராணி அது. குளோரினுக்கும் லேசில் சாகாது. தண்ணீர் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் செத்துவிடும். மலை உயரத்தில் நூறு பாகைக்கு முன்னாலேயே தண்ணீர் கொதித்துவிடுகிறதே என்று கவலைப்பட வேண்டாம், அந்தச் சூடே போதும். கவலைப்பட வேண்டியது விறகு எங்கே, கேஸ் என்ன விலை என்பதைப் பற்றி.

காய்ச்சல் முன்னே வந்து, படிப்படியாக ஏறி, வயிறு பின்னால் கெட்டால் நெருப்புக் காய்ச்சல். இதில் சிலருக்கு மலச்சிக்கலே வரும். வயிறு போகவில்லை, ஆகவே வயிற்றில் ஒன்றுமில்லை என்று இருந்துவிடக்கூடாது.

தூக்கத்தில் எழுப்புகிறதா என்ற கேள்வியைப் புத்தகம் படிக்காதவரும் கேட்கலாம். பகலில் மட்டும், சாப்பிட்டவுடன் ஓட வைத்து, மனக்கவலையோடு கூடிக் குறையும் வயிறு என்றால் பல நேரம் எரிச்சற்குடல் என்ற தொல்லைதான். உயிருக்கு ஆபத்தில்லை. நடுச்சாமத்தில் ஆளை எழுப்புகிற வயிற்றோட்டத்துக்கு உடலில் ஏதோ காரணம் இருக்கிறது. அதோடு எடையும் குறைந்து, இரத்தமும் கண்டால், குடல் அழற்சி நோய்களையும், ஐம்பது தாண்டியவர்களில் பெருங்குடற் புற்றையும் பார்த்தாக வேண்டும். இதை மூலம் என்று சொல்லி வருடக்கணக்கில் களிம்பு தடவிக்கொண்டிருந்தவர்கள் உண்டு. கிளினிக்கில் சீனி வருத்தத்துக்கு மெட்போமின் தொடங்கிய வாரத்திலிருந்து போகிறது என்றால் அந்த மருந்தே காரணமாக இருக்கலாம். தாமாக நிறுத்திவிடாமல் கிளினிக்கில் சொன்னால் மாற்று உண்டு. வயிற்றோட்டத்திலிருந்து தேறிய பிள்ளைக்குப் பால்மாவைக் கரைத்துக் கொடுத்ததும் மறுபடி போனால், பாற்சீனியைச் செரிக்கும் நொதி குடலில் இன்னும் ஊறி வரவில்லை என்று அர்த்தம். சில வாரங்களில் சரியாகும். தாய்ப்பாலை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக்கூடாது.

இப்படி வகை பிரித்துப் பார்க்கும் வழக்கம் இந்த மலைக்குப் புதிதல்ல. ஆனால் யாருக்குப் பிரித்துப் பார்த்தார்கள் என்பதில்தான் வரலாறு இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்த வெள்ளைக்காரருக்கு ஒரு வயிற்று நோய் வந்தது. நாக்கு சிவந்து புண்ணாகும். வெளுத்த, நுரைத்த, எண்ணெய்ப் பசையுள்ள மலம் மாதக்கணக்கில் போகும். ஆள் எலும்பும் தோலுமாவார். "சிலோன் வாய்ப்புண்" என்றே ஆங்கில வைத்திய நூல்களில் அதற்குப் பெயர் ஏறியது. பட்ரிக் மேன்சன் என்ற வைத்தியர் சீனாவில் இதே நோயைப் பார்த்து 1880இல் விவரித்தார். பால் மட்டும் பருகும் பத்தியம், கப்பலேறித் தாயகம் திரும்புதல் என்று அதற்குச் சிகிச்சை இருந்தது. ஒரு வெள்ளைக்காரத் துரையின் வயிற்றோட்டத்துக்குத் தனிப்பெயரும் தனிப்பத்தியமும் கிடைத்தன.

அதே மலைகளில் கூலிகளின் வயிற்றுக்கு என்ன பெயர்? மன்னாரிலிருந்து மாத்தளை வரை அவர்கள் நடந்து வந்த பாதையில் வாந்திபேதியால் விழுந்தவர்கள் எத்தனை பேர் என்று ஒழுங்கான கணக்கே இல்லை. தோட்டங்களுக்கு வைத்திய வசதி வேண்டும் என்று 1872இல் சட்டம் வந்தது. அதன் பிறகும், இரத்தம் வற்றி, முகம் வீங்கி, வயிறு போய், நடக்க முடியாமல் செத்த தொழிலாளரின் நோயை "பெரிபெரி" என்றே வைத்தியத் திணைக்களம் எழுதியது. 1887இல் திணைக்களத் தலைவர் கின்சி அதைப்பற்றி அறிக்கையே வெளியிட்டார். உண்மையில் அதில் பெரும்பகுதி கொக்கிப்புழுவின் வேலை. வெறுங்காலோடு மலம் கலந்த மண்ணில் நடந்தால் தோலைத் துளைத்து ஏறும் புழு அது. 1916இல் அமெரிக்காவின் ரொக்கபெல்லர் நிறுவனத்தார் வந்து தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, மருந்தைவிடப் பெரிய சண்டை கக்கூஸ் கட்டுவது பற்றியே வந்தது. செலவு யாருடையது என்பதுதான் கேள்வி. நூறாண்டு தாண்டியும் இது பழைய கேள்வியாகவில்லை.

"சிலோன் வாய்ப்புண்" வெள்ளைக்காரரின் நோயே அல்ல என்பது பிறகு தெளிவாயிற்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1960களில் பேக்கர், மாத்தன் என்ற இரு வைத்தியர்கள் வட ஆர்க்காட்டுக் கிராமங்களில் ஊர் ஊராக அந்த நோய் கொள்ளைநோயாகப் பரவுவதைக் கண்டு எழுதினார்கள். அங்கே செத்தவர்கள் பால் பத்தியம் இருக்க வசதியில்லாத விவசாயக் கூலிகள். ஃபோலிக் அமிலமும் டெட்ராசைக்கிளினும் சில மாதம் கொடுத்தால் குணமாகக்கூடிய நோய். பார்த்துப் பெயர் சொல்ல ஆள் வந்த பிறகுதான் மருந்தும் வந்தது. நம் மலையில் அந்தக் காலத்தில் வெறும் "பேதி" என்று எழுதி மூடப்பட்ட கொப்பிகளுக்குள் இது எத்தனை பேரைக் கொண்டுபோனது என்று இனி யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்?

காரணம் எதுவானாலும் முதல் சிகிச்சை ஒன்றுதான் என்பது இந்த விஷயத்தில் நமக்குக் கிடைத்த பெரிய வரம். இலங்கையில் அதன் பெயர் ஜீவனி. 1971இல் வங்கதேசப் போர் அகதிகள் மேற்கு வங்கத்தின் பங்கான் முகாமில் வாந்திபேதியில் கொத்துக் கொத்தாகச் சரிந்தபோது, ஏற்றுவதற்கு சேலைன் தீர்ந்துபோன நிலையில், திலீப் மகலநபிஸ் என்ற வைத்தியர் உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் கரைத்த நீரைப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர் கையிலேயே கொடுத்து ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பதாக இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. சீனி உள்ளே போகும்போது உப்பையும் கையோடு கூட்டிப்போகும், உப்போடு தண்ணீரும் போகும். வாந்திபேதியின் நஞ்சால்கூட அந்த வழியை அடைக்க முடியாது. "லான்செட்" சஞ்சிகை 1978இல் இதை அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கக்கூடும் என்று எழுதியது. மகலநபிஸ் 2022இல் காலமானார். அவருக்கு நோபல் கிடைக்கவில்லை.

ஆனால் அந்தப் பக்கெட்டை லயக் காம்பராவில் எப்படிக் கரைக்கிறார்கள் என்று ஒரு தடவை பார்க்க வேண்டும். ஒரு பக்கெட்டுக்கு ஒரு லீற்றர் தண்ணீர். வீட்டில் லீற்றர் அளவு தெரிந்த பாத்திரம் இல்லை. ஒரு கப்பில் கால்வாசிப் பொடியைக் கொட்டி, கலக்கி, மிச்சத்தை மடித்து அடுப்படித் தட்டில் செருகி வைப்பார்கள். அந்த கப் கரைசல் கூடுதல் உப்பாகலாம். அப்படியானால் பிள்ளையின் தாகம் ஏறுமே தவிர நீர் ஏறாது. காலி சோடாப் போத்தல் ஒரு லீற்றர் அளவுள்ளது எந்தப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். கழுவி, ஆறிய கொதிநீர் நிரப்பி, முழுப் பக்கெட்டையும் அதிலே கொட்டினால் போயிற்று. கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைக்கக்கூடாது. இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு தடவை போனதற்கும் ஐம்பது முதல் நூறு மில்லிலீற்றர், கரண்டி கரண்டியாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி. அதோடு 2004 முதல் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் சொல்லிவரும் சின்க் மாத்திரை பத்து, பதினான்கு நாள். கஞ்சி கொடுக்கலாம், பட்டினி போடக்கூடாது. சீனி அள்ளிப் போட்ட பிளேன்டீ வேண்டாம், அந்தச் சீனி நீரை வெளியேதான் இழுக்கும். கொய்யாக் கொழுந்து மெல்லுவதைப் பற்றிக் கேட்கிறீர்களா? பெரியவர்கள் மென்றால் கெடுதலில்லை. அதை நம்பி ஜீவனியைத் தள்ளிப்போடுவதில்தான் கெடுதல். கண் குழிந்து, அழுதால் கண்ணீர் வராமல், சலம் போவது நின்று, பிள்ளை சோர்ந்து கிடந்தால் அதற்குப் பிறகு வீட்டு வைத்தியத்துக்கு நேரமில்லை.

இது உடம்பிடம் கேட்கும் கேள்விகளின் பக்கம். தண்ணீர்க் குழாயிடம் கேட்க வேண்டிய கேள்விகள் தனி.

சுகாதார அமைச்சின் தொற்றுநோயியல் பிரிவு வாரந்தோறும் ஓர் அறிக்கை வெளியிடுகிறது. மாவட்டவாரியாக டெங்கு, வயிற்றுளைவு, குடற்காய்ச்சல், உணவு நஞ்சாதல், எலிக்காய்ச்சல், ஈரல் அழற்சி என்று நிரல்கள் இருக்கும். பூண்டுலோயா அடங்கும் நுவரெலியாவின் வரிசையும் இருக்கும். சாதாரண வயிற்றோட்டத்துக்கு அதில் நிரல் இல்லை. ஆஸ்பத்திரியில் வார்டில் தங்கினால் அந்தக் கணக்கில் சேரும். மருந்துக்கடையில் இரண்டு மாத்திரை வாங்கியது எந்தக் கணக்கில் சேரும்? பத்துக் காம்பரா லயமொன்றில் ஆறு வீட்டில் ஒரே வாரம் வயிறு போனாலும், ஆறு பேரும் ஆறு தனி வாடிக்கையாளராகக் கடைக்கு வந்து போய்விடுவார்கள். ஆறு பேருக்கும் தண்ணீர் ஒரே தொட்டியிலிருந்து வருகிறது என்பது கடைசிவரை யாருக்கும் தெரியாமலே போகும்.

பூண்டுலோயா தண்ணீருக்குக் குறைவில்லாத ஊர். டன்சினன் நீர்வீழ்ச்சியைப் படம் பிடிக்க வேன் வேனாக வருகிறார்கள். பூண்டுலு ஓயா இறங்கிக் கொத்மலை ஓயாவோடு சேருகிறது. 1985 முதல் அங்கே நிற்கும் நீர்த்தேக்கத்தால் நாட்டுக்கு மின்சாரம். ஆனால் மேல் கணக்கு லயத்தின் கான் எந்த ஓடையில் விழுகிறதோ அதே ஓடைக்குக் கீழ்க் கணக்குக்காரர் குழாய் போட்டிருப்பதை மலையகத்தில் எங்கும் பார்க்கலாம். மழை தொடங்கிய முதல் வாரம் தண்ணீர் கலங்கி வரும். துணி கட்டி வடித்துக்கொள்வார்கள். துணி மண்ணைப் பிடிக்கும், கிருமியைப் பிடிக்காது.

இந்தத் தொட்டிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால் விரல்கள் நாலு திசையில் நீளும். 1992இல் தோட்டங்கள் கம்பனிகள் கைக்குப் போயின. குடியிருப்பு, சுகாதாரம் எல்லாம் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியத்தின் வழியே என்றானது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டமோ, தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்க முடியாதபடி கையைக் கட்டியிருந்தது. சபை எல்லைக்குள் ஆள் இருந்தார், வாக்குப் போட்டார், உறுப்பினரைத் தெரிவு செய்தார். அவர் வீட்டுக் குழாய்க்கு உறுப்பினரால் ஒரு முழங்கை மூட்டுக்கூட வாங்கித் தர முடியவில்லை. 2018இல்தான் திருத்தச் சட்டம் வந்து அந்தக் கட்டு அவிழ்ந்தது. அவிழ்ந்து இத்தனை ஆண்டாகியும் எத்தனை சபைகள் தோட்டத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு மூடி போட்டிருக்கின்றன என்று நம் உறுப்பினர்கள் ஒரு பட்டியல் வெளியிட்டால் படிக்க ஆவலாயிருக்கிறேன்.

அதே 2018 ஓகஸ்டில்தான் டன்சினன் தோட்டத்தில் இந்திய உதவியோடு கட்டிய 404 வீடுகள், மகாத்மா காந்திபுரம் என்ற பெயரில், கையளிக்கப்பட்டன. ரணில் விக்கிரமசிங்க நேரில் வந்தார், மோடி காணொளியில் பேசினார். தனி வீடு என்றால் ஏழு பேர்ச் காணியும் கூரையும் மட்டுமல்ல. வீட்டோடு ஒரு கக்கூஸ். லயத்தில் பல குடும்பம் ஒரு கக்கூசுக்குக் காத்து நிற்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் குடலுக்கு நன்றாகத் தெரியும். அந்த வித்தியாசம் லயங்களிலேயே இருக்கும் மிச்சக் குடும்பங்களுக்கு எப்போது வரும் என்பது தேர்தல் மேடைகளில் மட்டும் கேட்கப்படும் கேள்வியாக இருக்கிறது.

பிள்ளைகள் பக்கம் வந்தால் விஷயம் இன்னும் ஆழமாகப் போகிறது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைப் பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டப்புறத்தில் 32 பேர். சத்துணவு போதாது என்பது உடனே வரும் விளக்கம்; அது பொய்யல்ல. ஆனால் குடல் கெட்டிருந்தால் உண்ட சத்தும் ஒட்டாது. வேலூர் உட்பட எட்டு நாடுகளின் எட்டு ஊர்களில் பிள்ளைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்த "மால்-எட்" ஆய்வு ஒரு சங்கடமான உண்மையைக் காட்டியது. வயிற்றோட்டம் வந்த தடவைகளைவிட, வயிற்றோட்டமே இல்லாமல் குடலில் கிருமி குடியிருந்ததுதான் உயரக் குறைவோடு கூடுதலாக ஒட்டி நின்றது. சிறுகுடலின் உட்சுவரில் உறிஞ்சுவதற்கென்று இருக்கும் நுண்ணிய குருத்துகள், மறுகொழுந்து விட இடைவெளி கொடுக்காமல் கவ்வாத்து வெட்டிக்கொண்டே போன தேயிலைச் செடிபோல மொட்டையாகிவிடுகின்றன. பிள்ளை விளையாடும், சிரிக்கும், வயிறும் போகாது. பிள்ளைக் காம்பரா எடைக்கோடு மட்டும் மேலே ஏறாமல் படுத்துக் கிடக்கும்.

ஆகவே, வயிறு நின்றுவிட்டது என்பதால் தொட்டியை மறந்துவிட முடியாது. கேட்பது பெரிய காரியமும் அல்ல. தோட்ட டிஸ்பென்சரியின் நோயாளர் கொப்பியில் பெயர், வயது, மருந்து என்ற கோடுகளுக்குப் பக்கத்தில் லய நம்பர், எந்தப் பீலித் தண்ணீர் என்று இன்னும் இரண்டு கோடு இழுக்கலாம். பஜார் மருந்துக்கடையிலும் கட்டுகிற மாத்திரை கேட்டு வருகிறவரிடம் "ரத்தம் போகுதா, காய்ச்சல் இருக்கா, எத்தனை நாளா, எந்தத் தோட்டம், எந்த லயம்" என்று கேட்டு ஒரு தாளில் குறிக்கலாம். மாத்திரையோடு ஒரு ஜீவனியும் கொடுக்கலாம். இரத்தமும் காய்ச்சலும் உள்ளவரை மாத்திரை கொடுக்காமல் பூண்டுலோயா ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். வாரத்துக்கொரு தடவை அந்தத் தாள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போனால், ஒரே பீலியில் தண்ணீர் எடுக்கும் வீடுகள் ஒன்றுசேர்ந்து தெரியும், பொதுச் சுகாதாரப் பரிசோதகரான பி.எச்.ஐ. எந்த மலையேறி எந்தத் தொட்டியின் மூடியைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதும் தெரியும். கம்பனிகளிடம் கேட்பதும் ஒன்று உண்டு, அடுத்த சம்பளப் பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்கள் கேட்க வேண்டியது: நம்பர் மலைக்கு நடந்து போகும் தூரத்தில் தண்ணீரோடு ஒரு கக்கூஸ், வயிற்றுக்கு முடியாமல் டிஸ்பென்சரித் துண்டு காட்டுகிற நாளுக்கு ஒரு பேர்.